கூட்டாளியின் சிம்மாசனம்

ஆசுவின மாதத்துப் பௌர்ணமியன்று, விழித்திருப்பவர் யார் என்று வினவிக்கொண்டே வீடுவீடாக வரும் லக்ஷ்மியை, இரவு முழுவதும் கண்ணயராமல் காத்திருந்து வரவேற்க வேண்டும் என்பது வங்காளத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் விரத சம்பிரதாயம். அவ்விரவுக்குக் கோஜாகரம் என்று பெயர். விழித்திருத்தல் சொல்லுக்கு எளிது, இமைக்குக் கடினம். ஆகையால் உறக்கத்தை வெல்லும் உபாயமாகப் பகடை உருட்டுவதை அந்த ஓர் இரவில் மட்டும் தோஷமென்று கொள்ளாமல் விரதத்தின் அங்கமாகவே சேர்த்துவிட்டனர் பெரியோர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரகுநந்தனர் என்னும் வங்கப் பண்டிதர், திதிகளையும் அவற்றுக்குரிய கர்மங்களையும் ஆராயும் தம் 'திதிதத்துவம்' என்னும் நூலில் இவ்விரவைப் பற்றி எழுதப் புகுந்தபோது, சற்றே வழி விலகி, நால்வர் கூடிப் பகடையிட்டு ஆடும் ஒரு சதுரங்கத்தின் இலக்கணத்தையும் விரித்துரைத்தார். யுதிஷ்டிரன் வினவ, வியாசர் விடை சொல்வதாக அப்பகுதி அமைந்திருக்கிறது. சூதில் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் வைத்திழந்த ஒருவன், அத்தனையும் பட்ட பிறகு, இன்னொரு பகடையாட்டத்தின் விதிகளை ஆசையோடு கேட்கிறான் என்று கற்பனை செய்தவர் யாராயினும், அவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருந்தது.

பலகை நாம் அறிந்த அறுபத்துநான்கு கட்டப் பலகைதான். ஆனால் அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு சேனைகள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறம் வேறு, ராஜா, யானை, குதிரை, ஓடம், முன்னே நான்கு காலாட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எட்டெட்டுக் காய்கள். பகடையில் ஐந்து விழுந்தால் ராஜாவோ காலாளோ நகரலாம். நான்கு விழுந்தால் யானை, மூன்றுக்குக் குதிரை, இரண்டுக்கு ஓடம். நான்கு அரசரும் இருவர் இருவராக நேசம் பூண்டு ஆடுவர். பந்தயப் பணம் உண்டு. ஒவ்வொரு சாதனைக்கும் இவ்வளவு என்று கணக்கும் உண்டு. ஓர் அரசன் மற்றோர் அரசனுக்குரிய இடத்திற் சென்று அமர்ந்தால் அதற்குச் 'சிம்மாசனம்' என்று பெயர். அமரும்போதே அங்கிருந்த அரசனையும் வெட்டினால் பந்தயம் இரட்டிப்பு. தன் அரசன் உயிரோடிருக்க, மற்ற மூவரையும் ஒருவனே கைப்பற்றினால் அது 'சதுராஜி'. ஆட்டத்தின் உச்சம் அதுவே.

மற்ற மூவர் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அம்மூவரில் ஒருவன் தன் கூட்டாளி என்பதைப் படிப்பவர் கவனித்திருப்பர். இவ்விதிகளுள் என்னை வெகு நேரம் நிறுத்தி வைத்தது இதுதான்: ஒருவன் தன் நேச மன்னனின் சிம்மாசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டால், அக்கணம் முதல் இரண்டு சேனைகளுக்கும் அவனே அதிபதி, கூட்டாளியின் கையில் ஆணை இல்லை. பகைவனை அழிக்கச் சேர்ந்தவர் இருவர். ஆனால் அப்படிச் சேர்ந்த நாளிலிருந்தே ஒருவர் கண் மற்றவர் ஆசனத்தின்மீது. இதை வஞ்சகம் என்று நூல் சொல்லவில்லை. சாதனை என்று பெயரிட்டு, பரிசும் நிர்ணயித்திருக்கிறது. பலர் கூடி ஆடும் யுத்த விளையாட்டுகளின் சரித்திரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: ஆடுவோரின் குணத்தைவிட, ஆட்டம் எப்படி முடியும், வெற்றியில் பங்கு யாருக்கு என்ற அந்தக் கடைசி விதியே அவர்களிடையே எந்த வகை நட்பு முளைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. யோக்கியனான மனிதனைச் சதுராஜிப் பலகையில் உட்கார்த்திப் பாருங்கள். ஒரு ஜாமம் கழிவதற்குள் அவனும் கூட்டாளியின் ஆசனம் எத்தனை கட்டத் தொலைவில் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவான்.

ரகுநந்தனருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்பே, 1030ஆம் ஆண்டையொட்டி, பாரதத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனியும் நால்வர் ஆடும் சதுரங்கம் ஒன்றைக் குறித்திருக்கிறார். வெட்டிய காய்க்கு ஏற்ற மதிப்பு அதில் உண்டு: ராஜாவுக்கு ஐந்து, யானைக்கு நான்கு, குதிரைக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு, காலாளுக்கு ஒன்று. தன் அரசனை இழந்த பின் மூன்று அரசரை வென்றவனுக்குப் பதினைந்தே மதிப்பு; தன் அரசனையும் காத்துக்கொண்டு மூவரையும் வென்றவனுக்கோ ஐம்பத்துநான்கு. கணிதத்தில் கரை கண்ட அந்த மனிதர் இந்த ஐம்பத்துநான்கு எந்தக் கணக்கிலும் அடங்காமல் வெறும் வழக்கத்தால் நிலைத்தது என்று சொல்லி நகர்ந்துவிட்டார். நேசத்தைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

ஐரோப்பியர் இதைக் கேள்விப்பட்டது 1790ஆம் ஆண்டில், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ், ராதாகாந்தர் என்னும் பிராமண நண்பர் உதவியால் இவ்விதிகளை ஆங்கிலத்தில் எடுத்தெழுதியபோது. அதன்பின் நேர்ந்தது ஒரு சுவையான சர்ச்சை. காக்ஸ் பஜார் என்ற ஊருக்குத் தம் பெயரைத் தந்த காப்டன் ஹிராம் காக்ஸும், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கீழ்நாட்டு மொழிகளைப் போதித்த டங்கன் ஃபோர்ப்ஸும், நால்வர் சதுரங்கமே ஆதி, இருவர் சதுரங்கம் அதன் சிதைவு என்று வாதித்தனர். ஃபோர்ப்ஸ் 1860ஆம் ஆண்டில் எழுதிய சரித்திரத்தில் அதற்கு ஐயாயிரம் ஆண்டுத் தொன்மையே கற்பித்தார். இருவர் ஆட்டம் எப்படிப் பிறந்ததாம்? நேச சேனைகள் இரண்டும் ஒன்றாய் இணைய, இரண்டு அரசர்களில் ஒருவன் அரசனாகவே நிற்க, மற்றவன் பதவி இறங்கி மந்திரி ஆனானாம்! 1913ஆம் ஆண்டில் முர்ரே வெளியிட்ட பெரிய சதுரங்கச் சரித்திரத்துக்குப் பிறகு இக்கொள்கைக்கு அறிஞரிடையே ஆதரவு போய்விட்டது. சான்றுகள் இருவர் ஆட்டத்தையே முந்தியதாகக் காட்டுகின்றன. சரித்திரமாக நிற்காவிட்டாலும் கதையாக இது நிற்கும். ராஜாவின் அருகிலேயே நின்று அவருக்காக உயிர் விடும் நம் மந்திரிக் காய், முன்னொரு காலத்தில் முடி சூடியிருந்த கூட்டாளி என்று எண்ணிக்கொண்டு ஒருமுறை ஆடிப்பாருங்கள். காய்க்கு ஒரு முகம் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தர்மம் உள்ள ஆட்டமும் அதே தேசத்தில்தான் இருந்தது. பச்சீஸியிலும் அதன் சகோதரியான சௌபடிலும், சிலுவை வடிவான துணியின் நான்கு கைகளிலும் நால்வர் அமர்வர். எதிரெதிரே இருப்பவர் கூட்டாளிகள். இருவருடைய காய்களும் முழுவதும் பழமேறினாலன்றி வெற்றி இல்லை. முதலில் கரை சேர்ந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட முடியாது. ஆகவே கைதேர்ந்தவர், வீட்டு வாசல் வரை வந்த காயைக்கூட உள்ளே ஏற்றாமல் மறுபடி ஒரு சுற்று அனுப்பி, பின்தங்கிய கூட்டாளியின் காயை விரட்டி வரும் எதிரியை மறிப்பதுண்டு. நம் வீடுகளில் தாயக்கட்டம் ஜோடி சேர்ந்து ஆடியவர்களுக்கு இது புதிதன்று. என் பாட்டி வழியில் ஒரு கிழவி இருந்தாள். தன் காயைப் பழமாக்கத் தாயம் விழுந்த பிறகும், எதிரே இருந்த ஜோடிக்காரியின் காய் வெட்டுப்படும் இடத்தில் நிற்கிறதென்றால் அந்தத் தாயத்தை அதற்கே செலவிடுவாள். தியாகமென்று அதை எவரும் மெச்சவில்லை; ஆடத் தெரிந்தவள் என்றுதான் மெச்சினார்கள்.

அக்பர் சக்கரவர்த்தி ஃபதேபூர் சிக்ரியின் முற்றத்தில் பச்சீஸிக் கட்டத்தைக் கல்லிலேயே பதித்து வைத்ததும், அடிமைப் பெண்களைக் காய்களாக நிறுத்தி ஆடினார் என்ற ஐதிகமும் எல்லோரும் கேட்டவை. அவ்வளவாகப் பேசப்படாதது, பதினாறு பேர் வட்டமாக அமர்ந்து அறுபத்துநான்கு காய்களால் ஆடும் 'சந்தல் மந்தல்' என்னும் ஆட்டம். அபுல் ஃபஸல் தம் 'ஆயினி அக்பரி'யில் அதை வருணிக்கிறார். சௌபட் ஆட்டத்தைப் பற்றி அவர் கூறும் செய்தி இன்னும் ருசியானது: பதினாறு ஆட்டம் ஆடி முடியுமட்டும் எவரும் வீடு திரும்பக் கூடாது என்று ஒரு காலத்தில் நியதி இருந்ததாம், சில வேளை அது மூன்று மாதம் வரை நீண்டதாம், பொறுமை இழந்து நெளிந்தவர் ஒரு கிண்ணம் மது அருந்த வேண்டுமாம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது விளையாட்டு. பாதுஷாவோ இதனால் மனிதரின் தரத்தை எடை போடுகிறார், இணக்கத்தையும் கற்பிக்கிறார் என்று அபுல் ஃபஸல் சமாதானம் சொல்கிறார். மூன்று மாதம் வீட்டைப் பார்க்காத சர்தார்கள் எவ்வளவு இணக்கத்தோடு புறப்பட்டுப் போனார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

சதுரங்கம் பாரசீகம் வழியாக மேற்கே சென்றபோது இருவர் ஆட்டமாகவே சென்றது. இருவர் மட்டும் உள்ள இடத்தில் நேசத்துக்கு இடமேது? மூன்றாமவன் வந்தால்தான் ரகசியம் பிறக்கிறது. ஆகவே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய யுத்த விளையாட்டுகளில் கூட்டணியின் சுவை மறைந்தே கிடந்து, சீட்டாட்டத்தில் மட்டும் தலைகாட்டிற்று. 'சிவப்புப் பலூன்' என்ற சிறுவர் திரைப்படத்தால் புகழ் பெற்ற பிரெஞ்சு இயக்குநர் அல்பேர் லமொரிஸ் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகை வெல்லும் ஆட்டம், பிறகு 'ரிஸ்க்' என்ற பெயரில் வீடுதோறும் புகுந்தது. அதில் கூட்டுச் சேர்வதும் கைவிடுவதும் தாராளமாக நடந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலே பகடை என்னும் விதி ஆட்சி செய்தது. தோற்றவன் நண்பனை நோகாமல் பகடையை நொந்துகொள்ளலாம். அந்த ஆறுதலையும் பறித்த ஆட்டம் ஒன்று அதற்குச் சற்று முன்பே அமெரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது.

ஆலன் கல்ஹாமர் 1931ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவர். சிறுவராயிருந்தபோது, வீட்டுப் பரணில் கிடந்த பழைய பூகோளப் புத்தகம் ஒன்றைப் புரட்டியதில், ஆஸ்திரிய-ஹங்கேரி, உஸ்மானியப் பேரரசு என்று பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் இல்லாத ராஜ்யங்களை அவர் கண்டார். முதல் மகாயுத்தம் விழுங்கிவிட்ட அந்த ஐரோப்பாவின் வண்ணப்படம் அவர் மனத்திலிருந்து பிறகு அகலவே இல்லை. ஹார்வர்ட் சர்வகலாசாலையில் அவருக்குச் சரித்திரம் போதித்தவர்களுள் ஒருவர் ஸிட்னி ஃபே. 1928ஆம் ஆண்டில் வெளிவந்த 'உலக யுத்தத்தின் தோற்றம்' என்ற பெரும் நூலின் ஆசிரியர். யுத்தப் பழியை எந்த ஒரு நாட்டின் தலையிலும் முழுவதும் சுமத்தாமல், ரகசிய ஒப்பந்தங்களால் பின்னப்பட்ட வலையில் அத்தனை நாடுகளும் சிக்கிய கதையாகக் கண்டவர். பரணில் கிடைத்த படமும், வகுப்பில் கிடைத்த பாடமும், 'ஹார்ட்ஸ்' என்னும் சீட்டாட்டத்தில் முன்னேறுபவனை மற்ற எல்லோரும் சேர்ந்து இழுத்துவிடும் அனுபவமும் அவருக்குள் ஒன்றுகூடின. 1954ஆம் ஆண்டில், சட்டம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், 'டிப்ளமஸி' என்னும் ஆட்டத்துக்கு அவர் உருக்கொடுத்தார். பெரிய கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. 1959ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் 500 பிரதிகள் செய்து விற்றார். அதன்பிறகே ஒரு கம்பெனி முன்வந்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

அதன் அமைப்பைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1901ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஆட்டம் தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ருஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள், ஏழு பேர். ருஷ்யாவுக்கு மட்டும் நான்கு படைகள், மற்றவர்க்கு மும்மூன்று. படத்தில் 34 கேந்திரங்கள் உண்டு. எத்தனை கேந்திரமோ அத்தனை படை. 18 கைக்கு வந்தால் வெற்றி. எல்லாப் படைக்கும் பலம் ஒன்றே, பகடை இல்லை, சீட்டு இல்லை. ஓர் இடத்துக்கு இரு படைகள் சென்றால் இரண்டும் முட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்கும். பக்கத்திலிருக்கும் படை ஒன்று ஆதரவு தந்தால் மட்டுமே ஒன்று இரண்டாகி, எதிரி விலகுவான். அந்த ஆதரவை அந்நியன் படையும் தரலாம் என்றாரே கல்ஹாமர், ஆட்டத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. தன் பலத்தால் மட்டும் எவனும் வெகு தூரம் போக முடியாது. ஆகையால் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னே கால் மணி நேரமோ அதற்கு மேலோ, இருவர் இருவராக மூலைக்கும் தாழ்வாரத்துக்கும் ஒதுங்கிப் பேசிக்கொள்வார்கள். என்ன வாக்குறுதியும் தரலாம். எதற்கும் கட்டுப்பாடு இல்லை. பிறகு ஏழு பேரும் தத்தம் ஆணைகளை ரகசியமாகக் காகிதத்தில் எழுதுவர்; எல்லாம் ஒரே வேளையில் வாசிக்கப்படும். நண்பன் சொன்னதைச் செய்தானா என்பது, செய்யாதது தெரியும் அதே கணத்தில்தான் தெரியவரும்.

தேசப்படமே சில நட்புகளுக்கு ஜாதகம் எழுதிவைத்திருக்கிறது. ஆஸ்திரியாவின் திரியெஸ்தும் இத்தாலியின் வெனிஸும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஆரம்ப நிலையில் இரு வேறு அரசுகளின் சொந்தக் கேந்திரங்கள் இப்படி ஒட்டியிருப்பது இவ்வோர் இடத்தில்தான். ஆகவே அவ்விருவரும் கைகோத்துக் கிழக்கே போனாலும், இரவெல்லாம் ஒருவன் வாசலில் மற்றவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். கருங்கடலில் ருஷ்யாவும் துருக்கியும் செய்துகொள்ளும் ஏற்பாடு வேறு வகை. முதல் வசந்தத்தில் இருவருமே கப்பலை அங்கே அனுப்புவதென்று பேசி வைத்துக்கொள்வதுண்டு. வேண்டுமென்றே முட்டிக்கொள்வதால் கடல் காலியாகக் கிடக்கும், இருவர் மனமும் நிம்மதியாகும். பார்ப்பவருக்குப் பகை, உள்ளே உடன்பாடு. இவ்விருவரும் உண்மையாகவே ஒன்றுபட்டு மேற்கே பெயரும் கூட்டணியை ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர் 'ஜகர்நாட்' என்பர். எதிர்ப்பட்டதை நசுக்கிச் செல்லும் பெருவிசை என்று அவர்கள் அகராதி பொருள் சொன்னாலும், அச்சொல் பூரி ஜகந்நாதரின் தேரிலிருந்து புறப்பட்டது. நம் தெருவில் வடம் பிடித்து இழுத்த தேர், அந்நியரின் ஆட்டப் பலகையில் ருஷ்யனும் துருக்கியனும் சேர்ந்து இழுக்கும் தேராகப் போய் நிற்கிறது.

கூட்டாளியைக் கைவிடுவதற்கு அவர்களிடையே 'குத்து' என்று பெயர். குத்துகிறவனுக்கு நிந்தை உண்டு. அழகாகக் குத்தினால் ரகசியமாக மெச்சுவாரும் உண்டு. அனுபவசாலிகள் சொல்லும் முதற்பாடம், கேந்திரம் ஒன்றே கிடைக்கும் இடத்தில் குத்தாதே என்பது. எதிராளியை எழுந்திருக்க முடியாதபடி வீழ்த்தும் குத்தே குத்து. அரைகுறையாகக் குத்துப்பட்டவன், தன் ராஜ்யம் அழிந்தாலும் போகிறதென்று, எஞ்சிய படையையெல்லாம் உன்மேல் திருப்பி, வெற்றியை மூன்றாமவன் மடியில் கொட்டிவிட்டுப் போவான். இன்னும் நுட்பமானது, பொய்யைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது. பத்துப் பருவம் சொன்ன சொல் தவறாதவனுக்கே பதினோராவது பருவத்துப் பொய் பலிக்கும். ஜான் கென்னடிக்கும் ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கும் இந்த ஆட்டம் பிரியமானது என்று வெகு காலமாகச் சொல்வார்கள். கிஸ்ஸிஞ்சரைப் பற்றி அப்படிச் சொல்லும்போது எவரும் ஆச்சரியப்பட்டு நான் கண்டதில்லை.

ஏழு பேரை ஒரு நாள் முழுவதும் ஒரு வீட்டில் கூட்டி வைப்பது கடினம். கூட்டிய பின் ஏழு பேரும் சிநேகமாகவே திரும்பிச் செல்வது அதனினும் கடினம். 1963ஆம் ஆண்டில், புரூக்ளினில் வாழ்ந்த ஜான் போர்ட்மன் என்னும் பௌதிக ஆசிரியர், தபால் வழியே ஆடும் முறையைத் தொடங்கி, அதற்கென்று 'கிரௌஸ்டார்க்' என்ற சிறு பத்திரிகையையும் நடத்தலானார். ஆணைகள் அவருக்கு வரும். குறித்த நாளில் பிரித்துப் பார்த்து விளைவை அச்சிட்டு அனுப்புவார். பேச்சுவார்த்தை முழுவதும் கடிதத்தில். தாழ்வாரத்தில் கால் மணியில் முடிந்த ரகசியம் இப்போது வாரக்கணக்கில் நீண்டது. ஓர் ஆட்டம் ஆண்டுக்கணக்கில் போயிற்று. முகம் தெரியாத மனிதனிடம் வாரந்தோறும் கடிதம் எழுதி, அவன் மனைவி மக்கள் நலமும் விசாரித்து, அந்த வார முடிவில் அவன் பெர்லினைப் பறிப்பதென்பது ஒரு தனிப் பழக்கம். எழுத்தில் தந்த வாக்கு கையில் இருக்கும், நீட்டிக் காட்டலாம், மூன்றாமவனுக்குப் படியெடுத்து அனுப்பலாம். ஆகவே கடிதம் எழுதுகிறவர்கள், எல்லாம் சொல்வது போலவும் ஒன்றும் சொல்லாதது போலவும் எழுதக் கற்றனர். வெளிநாட்டு மந்திரிகள் பெருஞ்செலவில் கற்கும் நடையை இவர்கள் தபால்தலை விலைக்குக் கற்றார்கள் என்று சொல்லலாம். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கல்ஹாமர் தம் கண்டுபிடிப்பால் செல்வராகவில்லை. சில வேலைகளில் இருந்துவிட்டு, கடைசியில் தம் ஊராகிய லாகிரேஞ்ச் பார்க்கில் தபால்காரராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை வீடுவீடாகக் கடிதம் கொடுத்தார். 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் 81ஆம் வயதில் காலமானார்.

இவ்வளவு வஞ்சகத்துக்கும் நடுவே, விதிப்புத்தகத்தில் ஒரு சிறு வாக்கியமாக, பங்கிட்ட வெற்றிக்கும் கல்ஹாமர் வழி வைத்தார். எஞ்சியிருப்போர் எல்லோரும் சம்மதித்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தலாம். பலன் எல்லோருக்கும் சமம். பதினாறு கேந்திரம் ஆளும் சக்கரவர்த்திக்கும், ஒற்றைக் கேந்திரத்தில் ஒற்றைப் படையோடு ஒண்டிக் கிடக்கும் சிற்றரசனுக்கும் ஒரே பங்கு. முதலில் இதைக் கேட்பவர்க்கு அநீதியாகத் தோன்றும். பலகையைச் சற்று உற்றுப் பார்த்தால் நியாயம் விளங்கும். 34இல் பாதி 17. குறித்த சில இடங்களில் படைகளை நிறுத்தி, ஒன்றுக்கொன்று ஆதரவு கட்டிக்கொண்டால், 17 கேந்திரத்தை எத்தகைய பெரும்படையாலும் ஊடுருவ முடியாதபடி காக்கலாம் என்று ஆட்டக்காரர் கண்டுபிடித்திருக்கிறார்கள்; அணை போட்டது போல அந்த வரிசை நிற்கும். அவ்வணையில் ஒரு கல் சிற்றரசனுடையதாக இருந்துவிட்டால், அவனை விழுங்க நினைக்கும் கூட்டாளி தன் அணையைத் தானே உடைத்தவனாவான். சிறியவனுக்கு இங்கே கிடைக்கும் மதிப்பு கருணையால் வந்ததன்று.

இதைப் பற்றி எழுந்த விவாதம் தபால் பத்திரிகைகளில் வருஷக்கணக்காக நடந்தது. ஜெயிக்க முடியாவிட்டால் பிறன் ஜெயிப்பதைத் தடுத்துச் சமனாக முடிப்பதே கடமை என்றார் ஒரு சாரார். ஜெயிப்பவனுக்கு அடுத்த பெரியவனாக நின்றால் போதும், அதற்காக அவனுக்குத் துணை போவேன் என்றார் மற்றொரு சாரார். கல்ஹாமர் முதற்கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இரண்டாம் இடம் என்று விதிப்புத்தகத்தில் ஒன்று கிடையாது. இல்லாத பரிசுக்காக ஊழியம் செய்கிறவன், மற்ற ஐவர் போட்ட கணக்கையெல்லாம் கலைத்துவிடுகிறான். மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு: முதல் வசந்தத்தில் கைகொடுத்தவனைக் கடைசிவரை விடமாட்டேன், இருவருமாக முடிப்போம் என்பவர்கள். இவர்களைப் பரிகாசம் செய்யும் வழக்கம் இருக்கிறது. ஆனால் இவர்களில் ஒருவன் மேஜையில் இருக்கிறான் என்று தெரிந்தால், பரிகசிப்பவர்களே முதலில் அவன் பக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

பின்வந்தவர்கள் வெற்றியைப் பங்கிடும் விதியைப் பலவாறு திருகிப் பார்த்தனர். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஸ்மிக் என்கௌன்டர்' ஆட்டத்தில், ஒவ்வொரு மோதலுக்கும் புதிதாகக் கூட்டாளிகளை அழைக்க வேண்டும். ஒரே மோதலில் இருவரோ மூவரோ தங்கள் ஐந்தாவது குடியேற்றத்தைப் பெற்றால் அத்தனை பேரும் சேர்ந்தே ஜெயித்தவராவர். அதனால் கூட்டுக்கு அழைப்பதற்கு முன் அவனவன் எத்தனையில் நிற்கிறான் என்று எண்ணாமல் அழைப்பவன் மூடன். அதை உருவாக்கிய நண்பர் குழுவே, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலை வைத்து 1979ஆம் ஆண்டில் அமைத்த 'டியூன்' ஆட்டத்தில், நினைத்தபோதெல்லாம் கூட்டுச் சேர முடியாது. சீட்டுக்கட்டில் மணற்புழு தோன்றும்போதுதான் சேரவும் பிரியவும் அனுமதி. அதிலே ஒரு சகோதரிமார் சங்கம் உண்டு; ஆட்டம் தொடங்குமுன்பே, யார் எந்தச் சுற்றில் வெல்வார் என்று ரகசியமாக ஒரு சீட்டில் எழுதி வைக்க அவர்களுக்கு அதிகாரம். எழுதியபடியே நடந்துவிட்டால் வென்றவன் வென்றவனில்லை, வெற்றி சங்கத்துக்கே. விசுவாசமுள்ள கூட்டாளியாக உன்னை வெற்றிவரை கைபிடித்து அழைத்துச் சென்று, மாலை விழும் நேரத்தில் சீட்டை மெல்லத் திருப்பிக் காட்டும் நேசம் அது. ரகுநந்தனர் கண்டிருந்தால் இதற்கொரு ஸம்ஸ்கிருதப் பெயர் வைத்திருப்பார். 1990ஆம் ஆண்டின் 'ரோமக் குடியரசு' வேறு திசையிற் சென்றது: ஆடுவோர் எல்லோரும் ஒரே சபையின் அங்கத்தினர்; ஒருவரையொருவர் கவிழ்க்கலாம், வழக்கிடலாம், கொலையாளியை ஏவலாம்; ஆனால் அந்த அவசரத்தில் எல்லையைக் காக்க மறந்து ரோமே வீழ்ந்தால், அத்தனை பேரும் தோற்றவர்.

2022ஆம் ஆண்டில் 'டிப்ளமஸி' ஆட யந்திரமே வந்துவிட்டது. மெட்டா கம்பெனி உருவாக்கிய 'சிசரோ' என்னும் கணினி நிரல், மனிதரோடு மனிதராக எழுதிப் பேசி 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் பத்துச் சதவீதத்துக்குள் நின்றது. தான் செய்யக் கருதியதை ஒட்டியே பேசுமாறு அதைப் பழக்கியதாக ஆக்கியோர் சொன்னார்கள். அது நயமாக ஏமாற்றிய இடங்களை எடுத்துக்காட்டினர் பிறர். மனிதரைப் பற்றியும் இதே இரண்டு அபிப்பிராயங்கள்தான் நெடுநாளாக இருந்து வருகின்றன.

சமனாக முடிப்பதற்கு வாக்கெடுக்கும் முறை ஒன்று பந்தயக் கூடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. இரவு வெகு நேரம் ஆகிவிட்டது, மூவர் எஞ்சியிருக்கிறார்கள், அணை கட்டியாயிற்று, யாரும் யாரையும் அசைக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடுவர் மூவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் தருகிறார். சம்மதமா, இல்லையா என்று மறைத்து எழுத வேண்டும். ஒரு மறுப்பு இருந்தாலும் பேச்சு முறிந்தது. மறுத்தவர் யார் என்று நடுவர் சொல்லமாட்டார். மூன்று காகிதமும் மடித்து மேஜைக்கு வருகின்றன. அவர் பிரித்துப் பார்க்கிறார். இல்லை என்கிறார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து, நான் சம்மதம் என்றுதான் எழுதினேன் என்கிறார்கள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, அடுத்த வசந்தத்துக்கான ஆணைகளை எழுத உட்காருகிறார்கள்.